சரிக்கட்டிய மூன்றாம் தொட்டி

புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பயிற்சி வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை எப்படிப் படிப்பது, எத்தனை பிரதி எடுப்பது, எந்த இடத்தில் யார் கையெழுத்து. அதையெல்லாம் நான் தொடப் போவதில்லை. ரிட்டையர் ஆனவனைக் கூப்பிட்டு ஏதாவது எழுதச் சொன்னால், தான் பிடித்த திருடர்களைப் பற்றித்தான் எழுதுவான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் உட்கார்ந்தால், நான் திருடன் என்று முடிவு கட்டிய ஒருவரைப் பற்றித்தான் எழுத வருகிறது.

நம் வேலை என்ன என்று மாமனார் வீட்டில் கேட்டால் உங்களுக்கும் பதில் சொல்லத் திணறும். எனக்கும் திணறியது. ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாத யோசனைகளைச் சர்க்கார் செலவில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது நம் வேலை. பாங்க் கொடுக்காது, முதலாளி கொடுக்க மாட்டான். நிறையத் தோற்கும் என்று தெரிந்தேதான் நாம் கொடுக்கிறோம். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உயிரைக் கொடுத்து முயன்று தோற்றவனும், ஒன்றுமே செய்யாமல் ஏய்த்தவனும் கடைசியில் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதிக் கொண்டு வருவார்கள்: 'எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.' இரண்டு பேரையும் பிரித்துச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.

அப்படிப் பிரிப்பதில் எனக்கு மூக்கு உண்டு என்று ஆபீஸில் பெயர். சேர்ந்த புதிதில், பம்பாயில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாடி வீட்டில், தானே செய்த புதுவகை பாட்டரி மூன்று நாளாக விளக்கை எரிக்கிறது என்று ஒருவர் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வந்தவர்கள் எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். நான் தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தால் அடியில் ஒயர், ஒயரின் மறுமுனை பக்கத்து அறை ப்ளக்கில். அன்றைக்கு அந்த மனிதர் முகம் போன போக்கை நினைத்து ஒரு வருஷம் சிரித்துக் கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் நான் முதலில் பார்த்தது பாயைத்தான்.

எண்பதுகளின் நடுவில் தாராவியிலிருந்து ஒரு திட்டம் எங்கள் செம்பூர் ஆபீசுக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் மைதீன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பதனிடும் வரிசையில் அவருக்கு ஒரு சின்ன ஷெட். தோலை ஒரு பச்சை உப்புக் கரைசலில் ஊறவைப்பார்கள். குரோமியம் என்று படித்திருப்பீர்கள். ஊறியது போக மீந்த பச்சைத் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகும். அந்தத் தண்ணீரிலிருந்து உப்பை மீட்டு மறுபடி தோலுக்கே போடலாம் என்பது மைதீன் பாயின் யோசனை. வெளிநாட்டில் பெரிய ஆலைகளில் செய்து பார்த்ததாகக் கேள்வி. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஷெட்டில் அது நடக்குமா என்பது யாருக்கும் தெரியாது. நாற்றத்துக்கும் சாக்கடைக்கும் பயந்து தோல்காரர்களை ஊரை விட்டே கிளப்ப வேண்டும் என்று பேச்சு எழுந்திருந்த காலம். இது நடந்துவிட்டால் அந்த வரிசைக்கே, நாங்கள் இங்கேயே இருக்கலாம் என்று சொல்ல ஒரு வழி பிறக்கும். நடக்குமா நடக்காதா என்று தெரிந்தாக வேண்டும். எல்லாமே அதில்தான் இருந்தது.

மைதீன் பாய் ஐந்தாவதோடு நிறுத்தியவர். பட்டம் இல்லாதவருக்குப் பணம் தர எங்கள் விதியில் இடமில்லை. அதனால் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்த ஒரு டாக்டரைச் சேர்த்துக் கொண்டார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பட்டம் வாங்கிய டாக்டர். தொட்டியில் கை வைப்பவர் பாய். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இங்கிலீஷில் முன்னேற்ற அறிக்கை எழுதி அனுப்புபவர் டாக்டர்.

அந்த அறிக்கைகள்தான் என் மூக்கை வேர்க்க வைத்தன. ஒவ்வொன்றும் போன தடவையைவிடக் கொஞ்சம் மேல். ஒரு சறுக்கல் கிடையாது, ஒரு தொட்டி கெட்டது கிடையாது, ஒரு தோல் வீணானது கிடையாது. மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போனது. என் மனைவி இருபது வருஷமாக இட்லி ஊற்றுகிறாள், அவளுக்கே மாசத்தில் இரண்டு நாள் மாவு புளிக்காமல் காலை வாரிவிடும். யாரும் செய்யாத வேலையைச் செய்கிறவனுக்கு ஒரு நாள்கூடத் தப்பவில்லை என்றால் எப்படி நம்புவது? இந்தச் சந்தேகம் சரியான சந்தேகம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். கேடு அதற்குப் பிறகு நான் செய்ததில் இருக்கிறது.

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தும் அதற்கு முன் ஒரு தடவைகூடத் தாராவிக்குள் போனதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம், அன்றைக்கு வெட்கப்படவில்லை. கடிதங்கள் எல்லாம் டாக்டருக்குத்தான் போகும் என்பதால் மைதீன் பாய்க்கு என் பெயரோ ஊரோ தெரியாது. பம்பாய் ஸ்கூலில் படித்த என் ஹிந்தியை வைத்து யாரும் என்னைத் தமிழன் என்று கண்டுபிடிக்க முடியாது என்று எனக்கு ஒரு கர்வம். வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன், தமிழ் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. நம் முன்னால் ஹிந்தியில் ஒன்று பேசுவார்கள், தங்களுக்குள் தமிழில் வேறொன்று பேசுவார்கள், எது உண்மையோ அது தானாக வந்து விழும். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்!

செம்பூர் ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றதும் மைதீன் பாய் ஹிந்தியில் வரவேற்று, ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, சாய் வரவழைத்தார். ஐம்பது வயதிருக்கும். கை இரண்டும் மணிக்கட்டு வரை வெளுத்துப் போயிருந்தது. கூட அவர் மச்சான் காசிம். சுவரோரம் மூன்று சிமெண்ட் தொட்டிகள். மூலையில் பேர் எழுதாத சாக்கில் ஏதோ வெள்ளைத் தூள். நான் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதலில் காசிம்தான் பேசினான். "மச்சான், ஆளப் பாத்தா நம்ம பக்கத்து ஆளு கணக்கால்லா இருக்கு?"

"சும்மா கெட. வீடு தேடி வந்தவரப் பத்தி அவர வச்சுக்கிட்டே பேசப்படாது" என்றார் மைதீன் பாய்.

இதையும் கேட்டேன். இந்தக் காதால்தான் கேட்டேன். பிறகு எழுதிய ரிப்போர்ட்டில் இதைச் சேர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நான் சுவரில் இருந்த சீட்டுகளைப் படிப்பது போல் திரும்பி நின்றபோது, பாய் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டாக்டரு வாரதுக்குள்ள மூணாந் தொட்டியச் சரிக்கட்டிரு. நேத்து மாதிரி விட்டுட்டா ரிசல்ட் தப்பா வரும்."

காசிம் சாக்கிலிருந்து தூளை அள்ளி மூன்றாம் தொட்டியில் கொட்டி ஒரு கட்டையால் கலக்கினான்.

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆகிவிட்டது. சரிக்கட்டுவது என்றால் எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், எங்கள் ஆபீஸில் ஒரே அர்த்தம்தான். ரேஷன் ஆபீசரைச் சரிக்கட்டுவது. டிக்கெட் இல்லாமல் வந்தவன் செக்கரைச் சரிக்கட்டுவது. மார்க் குறைந்த பையனுக்கு வாத்தியாரைச் சரிக்கட்டுவது. மாதிரி எடுக்க டாக்டர் வருவதற்கு முன்னால் தொட்டியில் தூளைப் போட்டு ரிசல்ட்டைச் சரிக்கட்டுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாய்க்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, சந்து முனையில் நின்றே நோட்டில் எழுதினேன். அவசரத்தில் பென்சில் முனை உடைந்தது.

ரிப்போர்ட்டில் 'சரிக்கட்டு' என்ற சொல்லை எழுதவில்லை. அதன் இங்கிலீஷை மட்டும், மோசடியாக மாற்றினார்கள் என்ற பொருள் வரும்படி எழுதினேன். எங்கள் டைரக்டர் ஒரு மராத்திய அம்மாள். அதிகம் பேச மாட்டார். அந்தச் சமயத்தில் டெல்லியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வரப்போகிறார்கள் என்று ஆபீசே பதறிக் கிடந்தது. இந்த நேரத்தில் ஒரு ஏய்ப்பு வெளியே தெரிந்தால் நம் பிரிவையே மூடிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். அம்மாள் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிச்சயமாகத் தெரியுமா? என் காதால் கேட்டேன் மேடம் என்றேன். அன்று மாலையே ஷெட்டுக்கு அரக்கு சீல் வைக்க உத்தரவாயிற்று. விசாரணை ஐந்து வாரம் கழித்து.

செம்பூரில் கமிட்டி அறை. நீள மேசை. ஒரு பக்கம் டைரக்டரும் வேறு இரண்டு பேரும். எதிரே டாக்டர், பக்கத்தில் சலவைச் சட்டை போட்டு மைதீன் பாய். பாய் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். தன் மேல் என்ன குற்றம் என்று அவருக்கு அதுவரை யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. நான் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் படித்தேன். டாக்டருக்கு முகம் சுருங்கியது. பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, என் வாயையே பார்த்துக் கொண்டிருந்தார்.

டைரக்டர் அம்மாள் என்னை நிறுத்தினார். அவர்கள் உங்களிடம் இதைச் சொன்னார்களா, தங்களுக்குள் பேசிக்கொண்டார்களா என்று கேட்டார். தங்களுக்குள் என்றேன். எந்த பாஷையில்? தமிழில். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

"மூணாந் தொட்டியைச் சரிக்கட்டிரு" என்றேன்.

மைதீன் பாய் சட்டென்று நிமிர்ந்தார். அறையில் இருந்த மற்றவர்களை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்தார்.

"சாருக்குத் தமிழ் தெரியுமா?"

ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன்.

"அன்னைக்கே தெரியுமா?"

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

"அப்பம் அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தொட்டித் தண்ணி புளிப்பா கெடக்கும். சோடாப்பு போட்டு அந்தப் புளிப்பச் சரிக்கட்டுனாத்தான் பச்சை அடியில தங்கும். கூடவும் போகப்படாது, கொறையவும் போகப்படாது. இதுதான சார் வேலையே? இதுக்குத்தான நீங்க எங்களுக்குக் குடுத்தது?"

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும், டாக்டர் தன் அறிக்கையைப் புரட்டி நாலாம் பக்கத்தை டைரக்டரிடம் நீட்டினார். 'நியூட்ரலைஸேஷன்', அதாவது புளிப்பைச் சமப்படுத்துவது, என்று தலைப்பே போட்டிருந்தது. சோடா உப்பின் பெயரும் அளவும் எல்லாம் அங்கேயே இருந்தது. நான் படித்தது பௌதிகம். ரசாயனம் வந்த பக்கங்களைப் புரட்டிவிட்டு, கடைசியில் இருந்த ரிசல்ட் அட்டவணையை மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் பார்த்திருந்தேன். இந்த வேலைக்கு வந்தவன் செய்யக்கூடாத காரியம் அது. தரையில் ஒரு பொந்து இருந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஆனாலும் புத்தி விடவில்லை. அப்படியானால் ஒரு தொட்டிகூடக் கெடாதது எப்படி என்று கேட்டேன். மாட்டிக்கொண்டவன் கேட்கிற கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. கெடாமலா, கறை விழுந்த தோல் அத்தனையும் பின்பக்கம் தேதி போட்டு ஷெட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், வந்த அன்றைக்குக் கேட்டிருந்தால் விரித்துக் காட்டியிருப்பேன் என்றார் பாய். அதையும் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்.

எல்லோரும் டாக்டரைப் பார்த்தோம். அவர் பையிலிருந்து ஒரு பழைய கற்றையை எடுத்தார். அவர் எழுதிய முதல் அறிக்கையின் அசல். அதில் கெட்ட தொட்டிகள், கறை விழுந்த தோல்கள், காரணம் தெரியவில்லை என்ற வரிகள், எல்லாம் இருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'முன்னேற்றம் தெளிவாக இல்லை. திருத்தி அனுப்பவும்.' கீழே சுருக்கொப்பம். என்னுடையது.

அந்தக் குறிப்பை எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு அது மாதிரி பத்து எழுதுவேன். அதற்குப் பிறகு நல்லதை மட்டும் எழுதிவிட்டேன் சார், அதுதான் உங்களுக்கு வேண்டும் என்று நினைத்தேன் என்றார் டாக்டர். அவர் செய்ததும் தப்புதான், அவரை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் உண்மையாக வந்த ஒரே அறிக்கையைத் திருப்பி அனுப்பியவன் நான். பொய் வந்தபோது பொய் வாசனை அடிக்கிறதே என்று மோப்பம் பிடித்துக்கொண்டு போனவனும் நான்.

அன்றே என் ரிப்போர்ட்டை எழுத்து மூலம் திரும்பப் பெற்றேன். டைரக்டர் அம்மாள் திட்டவில்லை. உங்கள் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது, வாயைத் திறந்து கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். திட்டம் தொடரலாம் என்று கமிட்டி எழுதியது. கறை விழுந்த தோல்களையும் இனி அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். எல்லாம் நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

அரக்கு சீலை உடைக்க நானே போனேன். ஐந்து வாரத்தில் மூன்று தொட்டியும் பாழாகியிருந்தது. அது போகட்டும், மறுபடி நிரப்பலாம். ஆனால் நிரப்ப அந்தப் பச்சைத் தண்ணீர் வேண்டும். சோதனைக்குத் தோல் வேண்டும். இரண்டையும் அதுவரை அக்கம்பக்கத்து ஷெட்காரர்கள்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கார் சீல் வைத்த ஆள் என்று வரிசை முழுக்கப் பரவிவிட்டது. தண்ணீரைக் கொடுத்தால் நம் ஷெட்டுக்கும் ஆபீசர்கள் வருவார்கள் என்று பயந்தார்கள். சீலை எடுத்துவிட்டோம், தப்பு எங்களுடையது என்று நான் நாலு ஷெட்டில் ஏறி இறங்கிச் சொன்னேன். சாய் கொடுத்தார்கள், தலையாட்டினார்கள், தண்ணீர் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஆறு மாதம் பாய் மல்லுக்கட்டினார். தன் சொந்தத் தொழிலில் மீந்த தண்ணீர் ஒரு தொட்டிக்குக்கூடப் போதவில்லை. பிறகு ஒரு நாள் செம்பூருக்கு வந்து, ஆபீஸ் பணத்தில் வாங்கிய சாமான்களின் பட்டியலையும், அவற்றை எடுத்துக்கொள்ள ஷெட் சாவியையும் என் மேசையில் வைத்தார். முடித்துவிட்டார்.

அந்தத் திட்டம் ஜெயித்திருக்குமா தோற்றிருக்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தோற்றிருந்தால் எனக்கு வருத்தமில்லை, தோற்பதற்கும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம். தெரிந்துகொள்வதற்காகக் கொடுத்த பணம் அது. அதைத் தெரியவிடாமல் செய்தவன் நான். நீங்கள் சந்தேகப்படுங்கள், நன்றாகச் சந்தேகப்படுங்கள், இந்த நாற்காலியில் எல்லோரையும் நம்புகிறவனுக்கு வேலை இல்லை. ஆனால் சந்தேகத்தை அந்த ஆள் முகத்துக்கு நேரே, அவருக்குப் புரிகிற பாஷையில் கேளுங்கள். ஒளிந்து கேட்டதை வைத்து ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கமிட்டி அறையில் பேசியதற்குப் பிறகு மைதீன் பாய் என்னிடம் தமிழில் பேசவே இல்லை. நான் தமிழில் கேட்பேன், அவர் ஹிந்தியில் பதில் சொல்வார். மரியாதை ஒரு பொட்டுக் குறையாது. நலம் விசாரிப்பார், சாய் வரவழைப்பார், எல்லாம் ஹிந்தியில். சாவியைக் கொடுத்த அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து அவர் பக்கம் போய், "பாய், என் மேல கோபம் இருந்தா திட்டிடுங்கோ. ஆனா தமிழ்லயே திட்டுங்கோ" என்றேன்.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சிரித்தார். உங்களுக்குச் சரியாகப் புரிய வேண்டுமே சாப், அதனால்தான் ஹிந்தியில் பேசுகிறேன் என்றார். அதையும் ஹிந்தியில்தான் சொன்னார்.